ஆசிரியரின்றி அடுக்களை கற்றவர்

சமையல் கற்றோர் ஆராய்தற்குரிய பொருளன்று என்னும் எண்ணம் நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகின்றது. நளனையும் வீமனையும் அத்தொழிலில் வல்லவரெனப் போற்றிய நாட்டிலே, சமையற்காரனைக் குறித்த ‘மடையன்’ என்னும் சொல் இன்று வசைச்சொல்லாகவே காதில் விழுகின்றது. பரீட்சைக்குழாயில் ஒரு பொருளைச் சூடேற்றி, அதன் நிறமாற்றத்தைக் குறிப்பேட்டிற் பதிந்து கொள்ளும் மாணாக்கர், தம் வீட்டு அடுப்பின்மேல் வெங்காயம் பொன்னிறமாவதைப் பார்த்து ‘இஃது ஏன்?’ என்று வினவுவது அரிது. அவ்வினாவை வினவி, அதனையே தம் வாழ்க்கைத் தொழிலாக்கிக்கொண்ட ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்கக் கருதுகின்றோம். அவர் எந்தச் சமையற் கல்லூரியிலும் பயின்றவரல்லர். உணவுச்சாலைகளில் அவர் பழகியதும் சில வாரங்களே. ஆயினும் அவர் நடத்திய உணவுச்சாலை உலகின் முதன்மையானது என்று ஒரு காலத்தில் மதிக்கப்பெற்றது. அவர் பெயர் தாங்கிய நிலையங்கள் கடல்கடந்தும் எழுந்தன.

ஹெஸ்டன் புளூமெந்தால் என்பது அவர் பெயர். 1966ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி லண்டன் மாநகரிற் பிறந்தார். அவருடைய இளமைக்கால இங்கிலாந்தில் நல்லுணவு என்பது பெரும்பாலோர்க்கு எட்டாத பொருளாயிருந்தது. 16 வயதில், 1982ஆம் ஆண்டில், பெற்றோர் அவரைப் பிரான்சு தேசத்தின் தென்பகுதியாகிய புரோவான்சுக்கு அழைத்துச் சென்றனர். ஆங்கே லெ போ என்னும் ஊரிலே, செங்குத்தான வெண்பாறைகளின் அடியில், ‘லூஸ்தோ த போமானியேர்’ என்னும் புகழ்பெற்ற உணவுச்சாலை உள்ளது. குடும்பத்தார் ஒருநாள் அங்கு உணவருந்தினர். பையனின் நெஞ்சிற் பதிந்தவை யாவை? லாவெண்டர்ச் செடியின் மணம், சிள்வண்டுகளின் ஓசை, சரளைக் கற்களின்மேல் பரிமாறுவோர் நடக்கும் ஒலி, மேசையருகிலேயே ஆட்டிறைச்சியை அரியும் காட்சி ஆகியவற்றைப் பிற்காலத்தில் அவர் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்துள்ளார். உண்ட பண்டத்தின் சுவையோடு அதனைச் சூழ்ந்திருந்த ஓசையும் மணமும் ஒன்றாகவே அவர் நினைவில் தங்கின. இதனை நண்பர்கள் மனத்திற் கொள்ளவேண்டுகின்றோம். இருபத்தைந்து ஆண்டுகட்குப் பின்னர் அவர் செய்த ஒரு புதுமைக்கு வித்து இங்கேதான் இருக்கின்றது.

ஊர் திரும்பிய பையன் சமையற்காரனாவதென்று உறுதி பூண்டான். ஆனால் அத்தொழிலுக்குரிய வழக்கமான வாயில் அவனுக்கு ஒத்துவரவில்லை. பள்ளிப்படிப்பு முடிந்ததும், ஆக்ஸ்போர்டு அருகே ரேமோன் பிளான் என்பவர் நடத்திய பெயர்பெற்ற உணவுச்சாலையில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வெளியேறினார். (அந்த ரேமோன் பிளான் தாமும் ஆசிரியரின்றித் தாமே கற்றவர் என்பது நகைச்சுவையான பொருத்தம்.) பின்னர்ப் பத்தாண்டுக் காலம் புளூமெந்தால் வயிற்றுப்பாட்டுக்காகப் பல வேலை பார்த்தார். நகலெடுக்கும் இயந்திரங்களை விற்றார். கடன் வசூலிக்கும் வேலையிலும், தவணை தவறியோரிடமிருந்து பொருள்களை மீட்டு வரும் வேலையிலும் இருந்தார். பகலில் இவ்வேலைகள், இரவில் அடுப்பு. பிரெஞ்சுச் சமையல் நூல்களைப் படிக்கவேண்டி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக அம்மொழியைக் கற்றார். கையிற் கிட்டிய விடுமுறைகளில் பிரான்சுக்குச் சென்று உணவுச்சாலைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்து வந்தார்.

இக்காலத்தில் அவர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. ஐம்பது பண்டங்களை ஒவ்வொரு முறை செய்து பார்ப்பதினும் ஒரே பண்டத்தை ஐம்பது முறை செய்வதையே அவர் விரும்பினார். வனிலா ஐஸ்கிரீம் ஒன்றை எடுத்துக்கொண்டால், பல நூல்களிலிருந்து பல செய்முறைகளைத் திரட்டி, அடுத்தடுத்துச் செய்து, ஒரு நூலார் முட்டைக்கருவை மிகுதியாகச் சேர்க்கச் சொல்வதன் பயன் யாது, மற்றொருவர் குறைத்ததன் பயன் யாது என்று நாவினாலேயே ஒப்பிட்டு அறிந்தார். ஆசானிடம் பயில்பவன் ‘இப்படிச் செய்’ என்னும் கட்டளையைப் பெறுகின்றான். கேள்வி கேட்க அவனுக்கு நேரமுமில்லை, துணிவுமில்லை. தனியே கற்பவனுக்கோ, ஒன்றுக்கொன்று முரணான பத்து நூல்கள் முன்னே கிடக்கின்றன. அவற்றுள் எதனை நம்புவது என்று முடிவு செய்யவேண்டிய இடர்ப்பாடே அவனுக்கு ஆசிரியனாக அமைகின்றது.

1986ஆம் ஆண்டளவில் அவர் கைக்கு ஒரு நூல் கிட்டியது. ஹெரல்டு மெகீ என்னும் அமெரிக்கர் 1984இல் வெளியிட்ட ‘உணவும் சமையலும் பற்றி’ என்று பொருள்படும் பெயருடைய பெருநூல் அது. செய்முறைகளைத் தொகுத்துக் கூறும் நூலன்று. பாலும் முட்டையும் இறைச்சியும் மாவும் வெப்பத்தால் அடையும் மாறுதல்களை விளக்கும் நூல். அதன் ஆசிரியர் தொழிலால் ரசாயன வல்லுநரல்லர். ஆங்கிலக் கவி கீட்ஸ் என்பாரைப் பற்றி ஆராய்ந்து யேல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். நம் கல்லூரியில் இலக்கியம் பயிலும் நண்பர்கள், விஞ்ஞானக் கூடத்தின் வாயிலைக் கண்டு அஞ்சி ஒதுங்கவேண்டுவதில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

அந்நூலில் புளூமெந்தாலைத் திடுக்கிடச் செய்தது ஒரு சிறு செய்தி. இறைச்சியை முதலிற் கடுந்தீயில் வாட்டி மேற்புறத்தைச் சிவக்க வைத்தால், துளைகள் அடைபட்டு, உள்ளிருக்கும் சாறு வெளியேறாது நிற்கும் என்பது மேனாட்டுச் சமையலில் வேதவாக்காக வழங்கி வந்தது. இக்கருத்துக்கு மதிப்பளித்தவர் சாமானியரல்லர். ஜெர்மானிய ரசாயன மேதை லீபிக் 1847இல் வெளியிட்ட நூலினாலேதான் இது பரவியது. மெகீ அதனை மறுத்தார். சிவந்த மேற்புறம் நீரைத் தடுப்பதில்லை. சட்டியிலிட்ட இறைச்சி ‘சுரீர்’ என்று ஒலிப்பதே நீர் வெளியேறி ஆவியாவதனால்தான். சாறு அடைபட்டிருக்குமாயின் அவ்வொலி உடனே நின்றுவிட வேண்டுமன்றோ? சமையற்காரர் ஒவ்வொருவரும் நாள்தோறும் இவ்வொலியைக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே, சாறு அடைபட்டது என்றும் சொன்னார்கள்! வாட்டுதலால் உண்மையில் உண்டாகும் பயன் வேறு: பிரெஞ்சு அறிஞர் மயார் 1912இல் விளக்கிய மாற்றத்தால், புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்திற் கூடி, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான புது மணங்களையும் தருகின்றன. வாட்டுவது மணத்துக்காக, சாற்றைக் காப்பதற்கு வேண்டுவது மிதமான சூடு.

ஒரு தூண் சாய்ந்தவுடன், கட்டடத்தின் ஏனைய தூண்கள் எவ்வளவு உறுதியானவை என்னும் ஐயம் எழுவது இயல்பு. புளூமெந்தால் அன்றுமுதல் சமையல் விதிகள் அனைத்தையும் ஐயுறத் தொடங்கினார். நம் சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் அளிக்கும் விருந்தைப் புகழும் புலவர், வீமன் செய்த மடைநூலினின்று வழுவாமற் சமைத்த உணவென்று அதனைச் சிறப்பிக்கின்றார். நூலின் வழுவாமை அக்காலத்துப் பெருமை. இவரோ நூலை வழுவிப் பார்த்து, வழுவியதனால் என்ன நேர்ந்தது என்பதைக் குறித்து வைத்தார். இரண்டு மனப்பான்மைகளும் உலகிற்கு வேண்டியவையே என்பது நம் கருத்து. முன்னையது இல்லாவிடிற் பின்னையவர் ஐயுறுவதற்கு ஒன்றும் இராது.

அவருடைய முறையை ஓர் எளிய பண்டத்திற் காண்போம். இங்கிலாந்தில் ஏழையும் செல்வரும் ஒருங்கே உண்பது உருளைக்கிழங்கு வறுவல். வறுத்த சில நிமிடங்களில் அது துவண்டு போவதே அதன் குற்றம். இதற்குக் காரணம் உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளியேறி மேற்றோலை நனைப்பது. ஈரத்தைப் போக்குவது எப்படி? புளூமெந்தால் 1990களின் தொடக்கத்தில் பல வழிகளில் முயன்று, இறுதியில் மும்முறை வேக வைக்கும் முறையை அமைத்தார். அரிந்த துண்டுகளைக் கழுவி, மேலுள்ள மாவுச்சத்தை நீக்கி, உடைந்துவிடும் நிலை வரும்வரை நீரில் மெல்ல வேக வைக்கவேண்டும். அப்போது மேற்புறமெங்கும் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. பின்பு குளிர்ப்பெட்டியில் வைத்து ஈரம் உலரவிட்டு, 130 டிகிரி சூடுள்ள எண்ணெயில் ஒருமுறை பொரித்து, மீண்டும் குளிரவைத்து, கடைசியாக 180 டிகிரியில் பொன்னிறமாகப் பொரித்தெடுக்க வேண்டும். வெடிப்புகளிற் புகுந்த எண்ணெய் அங்கேயே மொறுமொறுப்பான ஓடாக இறுகுகின்றது. உட்புறமோ பஞ்சுபோல் இருக்கின்றது. இதில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை. கிழங்கு, நீர், எண்ணெய், பொறுமை ஆகிய நான்கே.

1995ஆம் ஆண்டில் அவர், தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்னும் சிற்றூரிலிருந்த பழைய மதுக்கடை ஒன்றை வாங்கினார். பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், தாழ்ந்த கூரை, சிறிய அடுக்களை. அதற்கு ‘கொழுத்த வாத்து’ என்று பொருள்படும் ‘ஃபேட் டக்’ என்னும் பெயர் சூட்டி, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் திறந்தார். அதே ஊரில் ரூ சகோதரர்களின் ‘வாட்டர்சைடு இன்’ என்னும் உணவுச்சாலை 1972 முதல் நடந்து வந்தது; அது 1985 முதல் மிஷலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றிருந்தது. (மிஷலின் என்பது சக்கரங்களுக்கு ரப்பர் டயர் செய்யும் பிரெஞ்சு நிறுவனம். வண்டியோட்டிகளுக்காக 1900இல் அது வெளியிடத் தொடங்கிய கைந்நூலே இன்று உலகத்துச் சமையற்காரர் யாவரும் அஞ்சும் நீதிமன்றமாக விளங்குகின்றது.) அத்தகைய அயலார் இருக்கும் ஊரில், தொழிற்பயிற்சி இல்லாத ஒருவர் கடை திறப்பது துணிவோ மடமையோ என்று அன்று யார் சொல்லியிருக்க முடியும்? தொடக்கத்தில் அவர் விற்றவை வறுவலும் இறைச்சியும் எலுமிச்சைப் பணியாரமும் போன்ற எளிய பிரெஞ்சுப் பண்டங்களே. அடுக்களையில் அவருக்கு உதவியாக இருந்தவர் பாத்திரம் கழுவுபவர் ஒருவரே.

அவ்வடுக்களையின் குறைகூட ஆராய்ச்சிக்குக் காரணமாயிற்று. எரிவாயுவின் அழுத்தம் போதாமையால், கொதிக்கும் நீரில் பச்சை அவரையை இட்டவுடன் கொதி நின்றுவிடும். ஆகவே ஒரு சிலவாகவே வேக வைக்க வேண்டியிருந்தது. காயின் பசுமை கெடாதிருக்கக் கொதிநீரில் உப்பு மிகுதியாக இடவேண்டும் என்று எல்லா நூல்களும் கூறின. அஃது உண்மைதானா? இதை யாரிடம் கேட்பது? சமையற்காரரிடம் கேட்டால் ‘அப்படித்தான்’ என்னும் விடையே வரும். எனவே பிரிஸ்டல் சர்வகலாசாலையில் பௌதிக ஆசிரியராயிருந்த பீட்டர் பார்ஹம் என்பவரை அணுகினார். லிட்டருக்கு 10 கிராம் உப்பிட்டாலும் நீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஐந்திலொரு பங்குகூட உயராது. பசுமையைக் காப்பதில் உப்புக்குப் பெரும் பங்கில்லை. பசுமை கெடுவது, பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம், சூட்டிலும் புளிப்பிலும் விடுபட்டுப் போவதனால். நீரின் கடினத்தன்மை, அதாவது அதிலுள்ள சுண்ணச்சத்து, உப்பைவிட முக்கியமானது. இங்ஙனம் தொடங்கிய நட்பு பல ஆண்டு நீடித்தது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கேட்க வெட்கப்படாமை, தாமே கற்றவர்களிடம் நாம் எதிர்பாராத ஒரு குணம். அவர்களுட் பலர் தம் அறியாமையை மறைப்பதிலேயே காலங் கழிப்பர்.

இதன்பின் அவர் ஆராய்ச்சி, பண்டத்தைவிட்டு, உண்பவன் மனத்தின்பாற் சென்றது. ஒருமுறை நண்டுச் சோற்றோடு நண்டுச் சுவையுடைய ஐஸ்கிரீமைப் பரிமாறினார். பலர் முகஞ் சுளித்தனர். அதே பொருளைக் ‘குளிர உறைந்த நண்டுச் சாறு’ என்று பெயர் மாற்றிக் கொடுத்தபோது மறுப்பின்றி உண்டனர். ஐஸ்கிரீம் என்ற பெயரைக் கேட்டவுடனே நாக்கு இனிப்பை எதிர்நோக்குகின்றது. வந்தது உவர்ப்பாயின் ஏமாற்றம் வெறுப்பாக மாறுகின்றது. சஸெக்ஸ் சர்வகலாசாலையாரோடு கூடிப் புகைமீன் சுவையுடைய உறைபண்டம் ஒன்றை வைத்துச் செய்த சோதனையை 2008இல் வெளியிட்டனர். ஐஸ்கிரீம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் அதனை வெறுத்ததோடு, அது மிகுந்த உப்புடையது என்றும் கூறினர். பெயர் ஒன்று மாற, உப்பின் அளவே நாவுக்கு மாறித் தோன்றுகின்றது! இது சமையல் நூலில் அடங்குமா, மனநூலில் அடங்குமா என்பதை அவ்வத்துறை ஆசிரியர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்வார்களாக.

செவியும் உண்கின்றது என்பதை ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மனநூல் அறிஞர் சார்லஸ் ஸ்பென்ஸ் என்பாரோடு சேர்ந்து அவர் சோதித்தார். கடலலையின் ஓசையைக் கேட்டுக்கொண்டே சிப்பியை உண்டவர்கள், பண்ணையிலுள்ள கோழி முதலியவற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டே உண்டவர்களைவிட அதனை மிகுதியும் விரும்பினர். இதிலிருந்து 2007இல் பிறந்ததே ‘கடலின் ஓசை’ என்னும் பண்டம். உண்ணத்தக்க மணல், நுரை, கடற்பாசி, மீன் ஆகியவை கடற்கரைபோல் ஒரு தட்டில் அமைந்திருக்கும். அதனோடு ஒரு சங்கு வரும். சங்கினுள்ளே சிறு இசைப்பெட்டி. காதில் வைத்தால் அலையோசை. 16 வயதுப் பையன் பாறையடியில் கேட்ட சிள்வண்டின் ஓசையை நண்பர்கள் இப்போது நினைவு கூர்வார்களாக.

தக்காளியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மேனாட்டுச் சிறந்த சமையற்காரர் தக்காளியின் விதைப்பகுதியையும் அதனைச் சூழ்ந்த கொழகொழப்பையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் ஆளுவர். விதைப்பகுதியே மிகுந்த சுவையுடையது என்று புளூமெந்தாலின் நாக்குச் சொல்லிற்று. ரெடிங் சர்வகலாசாலையாரோடு கூடி அளந்து பார்த்ததில், குளுட்டமேட் என்னும் பொருள் சதையைவிட விதைப்பகுதியிலேயே மிகுதி என்று தெரிந்தது. ஜப்பானிய அறிஞர் இக்கேதா 1908இல் ‘உமாமி’ என்று பெயரிட்ட சுவைக்கு அப்பொருளே காரணம். ஆராய்ச்சி 2007இல் ஒரு ரசாயனப் பத்திரிகையில் வெளிவந்தது; ஆசிரியர் வரிசையிற் சமையற்காரரின் பெயரும் இடம் பெற்றது. ரசத்துக்குத் தக்காளியை விதையோடு பிசைந்துவிடும் நம் தாய்மார், இச்செய்தியைக் கேட்டு வியப்படையமாட்டார்கள்.

புகழ் விரைந்து வந்தது. 1999இல் முதல் நட்சத்திரம், 2004இல் மூன்றாவது. அம்மூன்றாவது கிடைப்பதற்குச் சற்று முன்னர், வருவோர் குறைந்து, வேலையாட்களுக்கு வாரச்சம்பளம் கொடுப்பதே ஐயமாயிருந்த நிலையில் தாம் இருந்ததாக அவரே கூறியுள்ளார். 2005இல் ஒரு லண்டன் பத்திரிகையார் தொகுக்கும் வரிசையில் ஃபேட் டக் உலகின் முதன்மை உணவுச்சாலையாக வைக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் அரசியாரின் விருதும், ராயல் ரசாயன சங்கத்தின் கௌரவ அங்கத்தினர் பதவியும், ரெடிங் சர்வகலாசாலையின் கௌரவப் பட்டமும் ஒருங்கே வந்தன. திரவ நைட்ரஜனிற் குளிரவைத்த பண்டங்களையும், நத்தைக் கஞ்சியையும், முட்டையும் பன்றியிறைச்சியும் கலந்த ஐஸ்கிரீமையும் பற்றிப் பத்திரிகைகள் ஓயாது எழுதின. சுழியத்துக்குக் கீழ் 196 டிகிரியிலுள்ள அத்திரவத்தைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆயின் திரவமாக்கிய வாயுவினால் மேசையிலேயே ஐஸ்கிரீம் செய்யலாமென்று ஆக்னஸ் மார்ஷல் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1901லேயே எழுதிவிட்டார் என்பதைப் பத்திரிகைகள் மறந்தன. ‘மூலக்கூற்றுச் சமையல்’ என்று இம்முறைக்கு அவை இட்ட பெயரை இவர் விரும்பவில்லை. 2006ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பானியர் ஃபெரான் அட்ரியா, அமெரிக்கர் தாமஸ் கெல்லர், முன்சொன்ன மெகீ ஆகியோருடன் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். புதுமை கருவிகளில் இல்லை. பழையவற்றை மதித்து, நன்றாகச் சமைப்பதே நோக்கம் என்பது அதன் சாரம்.

இதுவரை கூறியவற்றை மட்டும் கூறி நிறுத்தினால் புகழ்மாலையாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபேட் டக்கில் உண்டவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு வருந்தினர்; நோயுற்றதாகத் தெரிவித்தவர் தொகை ஐந்நூற்றைக் கடந்தது. உணவுச்சாலை பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டு, இரண்டு வாரங்களுக்குப் பின் திறக்கப்பட்டது. கழிவுநீர் கலந்த கடற்படுகையிலிருந்து வந்த சிப்பிகளின் வழியே நோரோவைரஸ் என்னும் கிருமி புகுந்தது என்று பொதுச்சுகாதார அதிகாரிகள் கண்டனர். சிப்பியைக் கெடுத்தவர் சமையற்காரரல்லர். எனினும், நோய் கண்டதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதில் நேர்ந்த தாமதமும், நோயுற்ற வேலையாட்கள் முற்றும் குணமாகுமுன்னர் வேலைக்கு வந்ததும் அவ்வறிக்கையிற் குறை கூறப்பட்டன. உண்பவன் செவிக்கு இனிய ஓசையைத் தேடியளித்த அடுக்களைக்கு, கண்ணுக்குத் தெரியாத கிருமியே பெருஞ்சோதனையாக வாய்த்தது.

2011ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் ஹைடு பூங்காவின் அருகிலுள்ள பெரிய ஹோட்டலொன்றில் ‘டின்னர்’ என்னும் உணவுச்சாலையைத் தொடங்கினார். இதன் நோக்கம் வேறு. பழைய ஆங்கிலச் சமையற் சுவடிகளை வரலாற்று அறிஞரின் துணையோடு ஆராய்ந்து, அவற்றிலிருந்து பண்டங்களை அமைத்து, பண்டப்பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் காலத்தைக் குறித்தார். வெளிப்பார்வைக்கு ஆரஞ்சுப் பழம்போல் தோன்றி, உள்ளே கோழி ஈரலாற் செய்த விழுதை வைத்திருக்கும் ‘இறைச்சிக் கனி’ 1500ஆம் ஆண்டளவிலுள்ள வழக்கத்தைத் தழுவியது. இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர் சுமார் 1390இல் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்னும் சுவடியும் அவருக்குப் பயன்பட்டது. அப்பெயரிலுள்ள ‘கியூரி’ என்பதைக் கண்டு நம் கறி அக்காலத்திலேயே கடல் கடந்துவிட்டது என்று மகிழ்வாரும் உளர். அது சமைத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நம் கறி ஆங்கிலத்திற் புகுந்தது அதற்குப் பல தலைமுறை பின்னர்.

2015இல் ஃபேட் டக்கின் கட்டடத்தைப் புதுப்பிக்க நேர்ந்தபோது, உணவுச்சாலையையே ஆறு மாத காலம் ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்னுக்குக் கொண்டு சென்றார்! சமையற்காரரும் பரிமாறுவோரும் உடன் சென்றனர். அவர்கள் திரும்பியபின், அதே இடத்தில், அவ்வாண்டு அக்டோபரில் ‘டின்னர்’ உணவுச்சாலையின் கிளை திறக்கப்பட்டது. நான்காண்டு சென்றபின் அதன் முடிவு வருந்தத்தக்கதாயிற்று. வேலையாட்கள் நீண்ட நேரம் உழைத்தும் உரிய கூலி முழுதும் பெறவில்லை என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அந்நிலையத்தை நடத்திய கம்பெனி 2019ஆம் ஆண்டு டிசம்பரில் கலைப்பு அதிகாரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. கொடாது நின்ற கூலி நாற்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேற்பட்டதென்று தெரிய வந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் கதவு மூடப்பட்டது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க விரும்புகின்றோம். தனியே கற்றவன் தன் கையையும் தன் நாவையுமே அளவுகோலாக உடையவன். ஒரு வறுவலை மும்முறை வேக வைப்பதாயின், அதற்கு ஆகும் நேரத்தை அவன் எண்ணுவதில்லை, நேரம் அவனுடையது. அவனே முதலாளியும் தொழிலாளியும் ஆனதால், இரவு இரண்டு மணிவரை நிற்பதும் அவன் விருப்பமே. அம்முறையை ஒரு பெரிய நிலையத்துக்கு விதியாக்கும்போது, அந்நேரம் பிறருடைய நேரமாகின்றது; பிறர் நேரத்துக்குக் கூலி உண்டு. ஒரு பட்டாணியின் தோலை உரிக்க எத்தனை நொடி ஆகுமென்று கணக்கிடாத உணவுச்சாலை, அக்கணக்கை வேறு யார் தலையிலாவது ஏற்றியே தீரும். உலகப் புகழ்பெற்ற அடுக்களைகள் பலவற்றில், கூலியின்றி உழைக்கும் பயிற்சியாளர் முறை நெடுநாள் வழங்கி வந்ததும் இக்காரணத்தாலே. மெல்போர்ன் நிலையத்தின் கணக்கேடுகளைப் பார்த்தவர்கள் கண்டது, பதினாறு வயதுப் பையன் பாறையடியிற் காணாத ஒன்று: அரிந்த இறைச்சியை ஏந்தி வந்தவனுக்கும் சரளைக்கல்லில் நடந்தவனுக்கும் அன்று என்ன கூலி கிடைத்தது என்பது.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். 2014இல் லண்டன் ஹீத்ரோ விமானநிலையத்தில் ஓர் உணவுச்சாலையும், 2023இல் துபாய் நகரில் ‘டின்னர்’ கிளையும் திறக்கப்பட்டன. துபாய்க் கிளை அவ்வாண்டிலேயே ஒரு நட்சத்திரம் பெற்றது. தொலைக்காட்சித் தொடர்களும் நூல்களும் பல. 2024ஆம் ஆண்டில் தமக்கு இருமுனை மனநோய் இருப்பதாக மருத்துவர் கண்டனர் என்பதை அவரே வெளிப்படையாகக் கூறினார். பல்லாண்டாகத் தம் மனத்தில் ஓயாது பெருகிய எண்ணங்களைப் பற்றியும் பேசினார். பெயர்பெற்ற ஒருவர் இத்தகைய நோயை மறைக்காமற் சொன்னது, அத்தொழிலில் உழலும் இளைஞர் பலருக்கு உதவியாயிருக்கும் என்று நம்புகின்றோம்.

மும்முறை வேக வைத்த வறுவலோ, பிரே ஊரைவிட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. இங்கிலாந்தின் சாதாரண மதுக்கடைகளில், சுவரிலே சுண்ணக்கட்டியால் எழுதிய பண்டப்பட்டியல்களில் அப்பெயரைக் காணலாம். எழுதியவர்க்கும் உண்பவர்க்கும் அதனைக் கண்டவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. சிலவிடங்களில் இருமுறையே பொரித்துவிட்டு மும்முறை என்று எழுதிவிடுவதும் உண்டாம்.